ப்ளெயின்ஸ்பரோவா, சவுத் பிரன்ஸ்விக்கா? பக்கத்துப் பக்கத்து ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்களை ஒப்பிடுவது எப்படி

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். நியூ ஜெர்சியில் ப்ளெயின்ஸ்பரோவில் வாடகை அபார்ட்மென்ட்டில் இருக்கிறீர்கள். மகள் இரண்டாம் வகுப்பு, மகனுக்கு மூன்று வயது. வீடு வாங்கப் பார்க்கிறீர்கள். வீடு எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாக எல்லை) இருக்கிறதோ, பிள்ளைக்குப் பள்ளியும் அங்கேதான். இப்போதிருக்கும் வெஸ்ட் வின்ஸர்–ப்ளெயின்ஸ்பரோ டிஸ்ட்ரிக்ட்டுக்குள்ளேயே வாங்கினால் பட்ஜெட் பிதுங்குகிறது. ரூட் 1 நெடுஞ்சாலையில் கொஞ்சம் வடக்கே போனால் சவுத் பிரன்ஸ்விக், தென்கிழக்கே போனால் ஈஸ்ட் வின்ஸர். அதே பணத்துக்கு அங்கே ஒரு பெட்ரூம் கூடவே கிடைக்கிறது. ஆனால் வீட்டு விளம்பரத்துக்குக் கீழே இருக்கும் பள்ளி ரேட்டிங் எண் இறங்குகிறது. அந்த எண்ணுக்காக இத்தனை பணம் கூடக் கொடுப்பது சரியா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணுக்காக மட்டும் என்றால் கொடுக்காதீர்கள். வெஸ்ட் வின்ஸர்–ப்ளெயின்ஸ்பரோவுக்கும் சவுத் பிரன்ஸ்விக்குக்கும் வீட்டு விலையில் தெரியும் அளவு வித்தியாசம் வகுப்பறையில் இல்லை. ரயில் நிலையம், கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போல), வரி, உங்கள் பிள்ளையின் சுபாவம் ஆகியவற்றுக்காகக் கொடுப்பதாக இருந்தால் யோசிக்கலாம். ஈஸ்ட் வின்ஸரை எண்ணைப் பார்த்தவுடனேயே ஒதுக்கிவிட வேண்டாம் என்பதும் என் கருத்து. அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு, அவ்வளவுதான்.

முதலில் முகவரி விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் தபால் ஊர் வேறு, டவுன்ஷிப் வேறு, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் வேறு. ‘பிரின்ஸ்டன் 08540’ என்று முகவரி உள்ள வீடு ப்ளெயின்ஸ்பரோவிலும் இருக்கலாம், சவுத் பிரன்ஸ்விக்கிலும் இருக்கலாம், லாரன்ஸ் டவுன்ஷிப்பிலும் இருக்கலாம். பிரின்ஸ்டன் பள்ளிக்கும் அந்த வீட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. பிரின்ஸ்டன் ஜங்ஷன் பிரின்ஸ்டனில் இல்லை, வெஸ்ட் வின்ஸரில் இருக்கிறது. மன்மத் ஜங்ஷன் மன்மத் கவுண்டியில் இல்லை, மிடில்செக்ஸ் கவுண்டியில் சவுத் பிரன்ஸ்விக்குக்குள் இருக்கிறது. கெண்டால் பார்க், டேட்டன் இரண்டும் சவுத் பிரன்ஸ்விக்தான். கிரான்பரியில் எட்டாம் வகுப்பு வரை ஊருக்குள் ஒரே பள்ளி, அதற்கு மேல் பிள்ளைகள் பிரின்ஸ்டன் ஹைஸ்கூலுக்குப் போவார்கள். 21 கவுண்டி, 564 உள்ளாட்சி, 600-ஐ ஒட்டிய ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்கள் என்று துண்டு துண்டாகக் கிடக்கும் மாநிலம் இது. ஏஜென்ட் சொன்னார், வெப்சைட்டில் போட்டிருந்தது என்பதை நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தில் சேர்க்கைப் பிரிவுக்கு போன் செய்து, வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் சொல்லி, எந்த எலிமென்டரி, எந்த மிடில், எந்த ஹைஸ்கூல் என்று கேளுங்கள். இமெயிலில் பதில் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்த விஷயம். ரேட்டிங் நிறுவனங்கள் தங்கள் சூத்திரத்தை அவ்வப்போது மாற்றிக்கொள்கின்றன. ஆனால் அடியில் பெரும் பங்கு மாநிலத் தேர்வு மதிப்பெண். மாநிலத் தேர்வு மதிப்பெண்ணில் பெரும் பங்கு பெற்றோரின் படிப்பும் வருமானமும். ப்ளெயின்ஸ்பரோவிலோ எடிசனிலோ ஏதாவது ஒரு கடைவரிசையில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். மளிகைக் கடைக்குப் பக்கத்தில் ஒரு கணக்கு டியூஷன், அதற்கு மாடியில் கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வுக்குக் கோச்சிங், எதிரே ரோபாட்டிக்ஸ் வகுப்பு. அங்கே பெற்றோர் கட்டும் கட்டணத்தின் பலன் பள்ளியின் பெயரில் வரவு வைக்கப்படுகிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளாகப் பார்த்துச் சேர்த்துக்கொண்டு 100 சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்டும் பள்ளிகளை ஊரில் பார்த்தவர்கள்தானே நாம். இங்கே நுழைவுத் தேர்வுக்குப் பதிலாக வீட்டு விலை அந்த வடிகட்டலைச் செய்கிறது.

உங்கள் வீட்டில் புத்தகம் இருக்கிறது, நீங்கள் இருவரும் படித்தவர்கள், ராத்திரி உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள். இதெல்லாம் எந்த டிஸ்ட்ரிக்ட்டுக்குப் போனாலும் உங்கள் கூடவே வரும். ஆகவே பள்ளியின் சராசரியைப் பார்த்து, அதுதான் என் பிள்ளைக்கும் கிடைக்கும் என்று எண்ணுவதில் அர்த்தமில்லை. உள்ளே வரும் பிள்ளையைப் பள்ளி எவ்வளவு முன்னே கொண்டுபோகிறது என்பதைத்தான் தேட வேண்டும்.

அதைக் காட்டும் ஒரு தகவலை நியூ ஜெர்சி கல்வித்துறை ஒவ்வொரு வருடமும் இலவசமாக வெளியிடுகிறது. பள்ளிச் செயல்திறன் அறிக்கை என்று ஒவ்வொரு பள்ளிக்கும் தனியாக இருக்கும். அதில் மாணவர் வளர்ச்சி என்ற பகுதிக்கு நேராகப் போங்கள். ஒரு பிள்ளையின் இந்த வருட மதிப்பெண்ணை, முந்தைய வருடங்களில் அவளைப் போலவே மதிப்பெண் வாங்கிய மாநிலத்தின் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு, 1-லிருந்து 99-க்குள் ஓர் இடம் கொடுப்பார்கள். பள்ளியில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் இடங்களையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் அது பள்ளியின் வளர்ச்சி எண். 50 என்றால் மாநிலத்தின் நடுமட்டம். ஆங்கிலத்துக்கு 4-லிருந்து 8-ம் வகுப்பு வரையும், கணக்குக்கு 4-லிருந்து 7 வரையும் இது கிடைக்கும். ரேட்டிங்கில் பின்தங்கிய பள்ளி வளர்ச்சியில் 60-ஐத் தொட்டிருக்கும், பெரிய பெயர் எடுத்த பள்ளி 48-ல் நிற்கும். இப்படிப்பட்ட ஜோடிகளை மாநிலம் முழுக்கப் பார்க்கலாம். ஒரு வருட எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள், சின்னப் பள்ளிகளில் அது மேலும் கீழும் ஆடும். நான்கைந்து வருட அறிக்கைகளை எடுத்து வரிசையாகப் பாருங்கள். கோவிட் காலத்தில் தேர்வே நடக்காததால் அந்த வருடங்களில் இடைவெளி இருக்கும்.

இதே அறிக்கையில் நம்மவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் ஒரு பள்ளம் இருக்கிறது. எட்டாம் வகுப்புக் கணக்கு. தேர்ச்சி விகிதத்தைப் பார்த்தால் ஆறாம், ஏழாம் வகுப்பில் நன்றாக இருந்த பள்ளி எட்டாம் வகுப்பில் திடீரென்று சரிந்தது போலத் தெரியும். “மிடில் ஸ்கூல் கடைசி வருடத்தில் கெடுத்துவிடுகிறார்கள்” என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினால் பத்துப் பேர் தலையாட்டுவார்கள். காரணம் வேறு. எட்டாம் வகுப்பிலேயே ‘அல்ஜீப்ரா 1’ என்ற ஹைஸ்கூல் கணக்குப் பாடத்தைப் படிக்கும் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வை எழுதுவதில்லை, அல்ஜீப்ரா 1 தேர்வை எழுதுகிறார்கள். அதாவது கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே போய்விடுகிறார்கள். எவ்வளவு அதிகமான பிள்ளைகளுக்குச் சீக்கிரம் அல்ஜீப்ரா கொடுக்கிறார்களோ, அவ்வளவுக்கு எட்டாம் வகுப்பு எண் மோசமாகத் தெரியும். எட்டாம் வகுப்புக் கணக்கைப் பார்ப்பதென்றால் பக்கத்தில் அல்ஜீப்ரா 1 தேர்வை எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, ஆசிரியர்–மாணவர் விகிதம். பதினொரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று போட்டிருந்தால் வகுப்பில் பதினொரு பேர் என்று அர்த்தமில்லை. சிறப்புக் கல்வி ஆசிரியர்கள், வாசிப்பு உதவி ஆசிரியர்கள், இசை, ஓவியம் என்று எல்லோரையும் சேர்த்த கணக்கு அது. நிஜ வகுப்பில் இருபத்து மூன்று, இருபத்து நான்கு பேர் இருக்கலாம். மூன்றாம் வகுப்பில் இந்த வருடம் ஒரு செக்ஷனில் எத்தனை பேர் என்று பள்ளிக்கு போன் செய்து கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

தொடர் வருகையின்மை என்ற பகுதியையும் ஒரு பார்வை பார்க்கலாம். பத்து சதவீத நாட்கள் வராமல் போனால், அதாவது 180 நாளில் 18 நாள் போனால், அந்தப் பிள்ளை அந்தக் கணக்கில் வந்துவிடும். டிசம்பர் விடுமுறையோடு பொங்கலையும் சேர்த்து ஊருக்குப் போய்விட்டு ஜனவரி கடைசியில் திரும்பும் குடும்பங்களால் நம்மவர்கள் நிறைந்த எலிமென்டரிகளிலும் இந்த எண் ஏறுகிறது என்பது என் சந்தேகம்.

சரி, உங்கள் மூன்று டிஸ்ட்ரிக்ட்களுக்கு வருவோம். வெஸ்ட் வின்ஸர்–ப்ளெயின்ஸ்பரோ இரண்டு ஊர் சேர்ந்த டிஸ்ட்ரிக்ட், இரண்டு ஹைஸ்கூல்: வெஸ்ட் வின்ஸரில் சவுத், ப்ளெயின்ஸ்பரோவில் நார்த். நார்த் 1997-ல் திறந்தது. சவுத் பிரன்ஸ்விக்கில் ஊர் முழுக்க ஒரே ஹைஸ்கூல், 2,500 பேருக்கு மேல் படிக்கும் பெரிய பள்ளி. ஈஸ்ட் வின்ஸரும் ஹைட்ஸ்டவுனும் சேர்ந்த டிஸ்ட்ரிக்ட்டில் ஹைட்ஸ்டவுன் ஹைஸ்கூல்.

பெரிய ஹைஸ்கூல் என்றால் பயப்பட வேண்டியதில்லை. பாடங்களின் எண்ணிக்கை பெரும்பாலும் பள்ளியின் அளவைப் பொறுத்தது. மல்டிவேரியபிள் கால்குலஸ் போன்ற உயர்நிலைக் கணக்குப் பாடம் எடுக்க பதினைந்து பேராவது சேர்ந்தால்தான் வகுப்பு ஓடும். இரண்டாயிரம் பேர் உள்ள பள்ளியில் அந்தப் பதினைந்து பேர் கிடைப்பார்கள், அறுநூறு பேர் உள்ள பள்ளியில் சிரமம். மறுபக்கம், கூடைப்பந்து டீமில் இடம், நாடகத்தில் பாத்திரம், ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் வரிசை எல்லாம் எத்தனை ஹைஸ்கூல் இருக்கிறதோ அத்தனைதான். இரண்டு ஹைஸ்கூல் உள்ள டிஸ்ட்ரிக்ட்டில் இரண்டு மடங்கு வாய்ப்பு. உங்கள் மகள் வயலின் வாசிக்கிறாள் என்றால் இது வெறும் பேச்சில்லை.

எத்தனை ஏபி பாடங்கள் (ஹைஸ்கூலிலேயே எடுக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்) இருக்கின்றன என்று எண்ணுவதைவிட, அவற்றுக்குள் நுழையும் கதவு எப்படி என்று கேட்பது முக்கியம். சில இடங்களில் யார் வேண்டுமானாலும் சேரலாம். சில இடங்களில் முந்தைய வருட மதிப்பெண்ணும் ஆசிரியர் பரிந்துரையும் வேண்டும். கணக்கில் இந்தக் கதவு ஐந்தாம், ஆறாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. எந்த வகுப்பில் பிள்ளைகளை வேகமான பாதைக்குப் பிரிக்கிறார்கள், எந்தத் தேர்வை வைத்து, அப்போது தவறவிட்டால் பிறகு ஏறிக்கொள்ள வழி உண்டா என்ற மூன்று கேள்விகளையும் மூன்று டிஸ்ட்ரிக்ட்டிலும் கேளுங்கள். மகள் இப்போது இரண்டாம் வகுப்பு என்பதால் இதற்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் ரொம்ப நேரமில்லை.

கவுண்டி விஷயத்தை நம்மவர்கள் பலர் யோசிப்பதே இல்லை. வெஸ்ட் வின்ஸரும் ப்ளெயின்ஸ்பரோவும் ஒரே டிஸ்ட்ரிக்ட், ஆனால் வெஸ்ட் வின்ஸர் மெர்சர் கவுண்டி, ப்ளெயின்ஸ்பரோ மிடில்செக்ஸ் கவுண்டி. ஹைஸ்கூல் வயதில் கவுண்டி நடத்தும் மேக்னட் பள்ளிகளுக்கு (தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் சிறப்புப் பள்ளிகள்) விண்ணப்பிக்கும்போது இந்தக் கோடு பெரிய விஷயமாகிவிடும். மிடில்செக்ஸ்காரர்களுக்கு எடிசனில் அறிவியல், கணக்கு, பொறியியல் அகாடமியும் உட்பிரிட்ஜில் மருத்துவம் சார்ந்த அகாடமியும் இருக்கின்றன. மெர்சர்காரர்களுக்கு அந்தக் கவுண்டியின் தொழில்நுட்பப் பள்ளிகள் நடத்தும் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணக்கு) அகாடமியும் சுகாதார அறிவியல் அகாடமியும். ப்ளெயின்ஸ்பரோவில் வாங்கினால் மிடில்செக்ஸ் வாசல், நான்கு மைல் தள்ளி வெஸ்ட் வின்ஸரில் வாங்கினால் மெர்சர் வாசல். சவுத் பிரன்ஸ்விக் மிடில்செக்ஸ், ஈஸ்ட் வின்ஸர் மெர்சர். எடிசன் அகாடமி சின்னப் பள்ளி, போட்டி கடுமை. அதை நம்பி வீடு வாங்குங்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு வீடுகளும் மற்றபடி சமம் என்றால் இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். 2015-ல் வெஸ்ட் வின்ஸர்–ப்ளெயின்ஸ்பரோவின் அப்போதைய சூப்பரிண்டெண்டன்ட் (டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை அதிகாரி) டேவிட் ஆடர்ஹோல்ட் பெற்றோருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பிள்ளைகள் மீது மன அழுத்தம் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்பதுதான் அதன் சாரம். ஹைஸ்கூலில் அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகளை எடுத்தார்கள். நாலாம், ஐந்தாம் வகுப்பிலேயே வேகக் கணக்குக்குப் பிரிப்பதை நிறுத்தினார்கள். வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் வந்தன. ஊர் இரண்டாகப் பிரிந்தது. படிப்பை நீர்த்துப்போகச் செய்கிறார்கள் என்று ஒரு பக்கம், பிள்ளைகள் மூச்சு விடட்டும் என்று ஒரு பக்கம். முதல் பக்கத்தில் ஆசிய வம்சாவளிப் பெற்றோர் நிறையப் பேர் இருந்தார்கள் என்பதும் அப்போது செய்தியானது. பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, பள்ளியில் என்னென்னவோ மாறியிருக்கும். ஆனால் அந்த அழுத்தத்தைக் கொண்டுவந்தது பள்ளி மட்டும் இல்லை, அந்த எண்ணைப் பார்த்து அங்கே குடிவந்த குடும்பங்களும்தான். அதே எண்ணைப் பார்த்து இப்போது குடிவரப் போகிறவர்களும் அப்படிப்பட்டவர்களாகத்தான் இருப்பார்கள். வகுப்பில் எல்லோருமே வேகமாக ஓடும்போது கூட ஓடச் சந்தோஷப்படும் பிள்ளைகள் உண்டு, நின்றுவிடும் பிள்ளைகளும் உண்டு. உங்கள் மகள் எந்த வகை என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஏழு வயதில் உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். இதற்கு எந்த வெப்சைட்டிலும் எண் கிடையாது.

பணக் கணக்கு போடுவோம். 30 வருடக் கடன், 6.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், கூடுதலாக வாங்கும் ஒவ்வொரு லட்சம் டாலருக்கும் மாதத் தவணை சுமார் 632 டாலர். அந்த லட்சத்துக்குச் சொத்து வரி ஏறத்தாழ 2 சதவீதம் என்றால் மாதம் இன்னொரு 167 டாலர். ஆக எண்ணூறு டாலரை ஒட்டி வருகிறது. மாதம் எண்ணூறு டாலருக்கு என்னென்ன கிடைக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்: வயலின், நீச்சல், கோடைக்கால முகாம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊர்ப் பயணம். இரண்டு பேரில் ஒருவருக்கு வேலை போனாலும் கொஞ்ச நாள் தாங்கும் என்ற நிம்மதியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வெஸ்ட் வின்ஸர் விலையில் பள்ளி மட்டும் இல்லை என்பதையும் பாருங்கள். பிரின்ஸ்டன் ஜங்ஷனிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி ரயில். மன்ஹாட்டனுக்குத் தினமும் போகிறவர் அந்த ரயிலுக்காகவே கூடக் கொடுப்பார். நீங்கள் இருவரும் ரூட் 1 ஓரத்து அலுவலகங்களுக்கோ, வீட்டிலிருந்தோ வேலை பார்ப்பவர்கள் என்றால், இன்னொருவரின் ரயில் பயணத்துக்கும் சேர்த்து நீங்கள் விலை கொடுக்கிறீர்கள்.

வரி விகிதத்தை நேருக்கு நேர் ஒப்பிடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஓர் ஊரில் வரிக்காக வீடுகளை மறுமதிப்பீடு செய்து இருபது வருடமாகியிருக்கும், பக்கத்து ஊரில் போன வருடம்தான் செய்திருப்பார்கள். பழைய மதிப்பில் 5 சதவீதம் என்பது புதிய மதிப்பில் 2 சதவீதத்தைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். குறிப்பிட்ட வீட்டுக்குப் போன வருடம் கட்டிய வரி எத்தனை டாலர் என்று பார்த்து, அதை வீட்டின் விற்பனை விலையால் வகுத்துக்கொள்ளுங்கள். மாநிலச் சராசரி வரி 2024-ல் 10,000 டாலரைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் பள்ளிக்குத்தான் போகிறது.

போகும் அந்தப் பணம் போதுகிறதா என்பது அடுத்த கேள்வி. இந்த விஷயத்தில் ரேட்டிங் எண்ணால் ஒரு பிரயோசனமும் இல்லை, ஏனென்றால் அது கடந்த காலம். உங்கள் மகன் ஹைஸ்கூல் முடிக்க இன்னும் பதினைந்து வருடம். 2010-ல் வந்த சட்டப்படி ஒரு டிஸ்ட்ரிக்ட் உள்ளூர் வரி வசூலை வருடத்துக்கு 2 சதவீதம்தான் கூட்டலாம், சில விலக்குகளைத் தவிர. ஆசிரியர்களின் மருத்துவக் காப்பீடு, பஸ் ஒப்பந்தம், சிறப்புக் கல்விச் செலவு எதுவும் 2 சதவீதத்தோடு நிற்பதில்லை. 2018-ல் வந்த, எல்லோரும் எஸ்-2 என்று சொல்லும் சட்டம் மாநில உதவிப் பணத்தை ஏழு வருடங்களில் மறுபங்கீடு செய்தது. ஜெர்சி சிட்டி, டாம்ஸ் ரிவர் போன்ற இடங்கள் பெரும் தொகையை இழந்தன, வேறு சில டிஸ்ட்ரிக்ட்கள் பெற்றன. உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் என்பதை மாநிலம் வெளியிடும் வருடாந்திர உதவித் தொகைப் பட்டியலில் ஐந்தே நிமிடத்தில் பார்த்துவிடலாம். அப்புறம் ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும் பட்ஜெட் கூட்டங்களின் வீடியோவைப் போட்டுப் பாருங்கள். எந்தப் பணியிடங்களை நீக்குகிறார்கள், எந்த மிடில் ஸ்கூல் குழுக்களை நிறுத்துகிறார்கள், எலிமென்டரியில் வெளிநாட்டு மொழி வகுப்பு போகிறதா என்பதெல்லாம் அங்கேதான் முதலில் வரும். டிஸ்ட்ரிக்ட்டைப் பற்றி ஒரு மாலையில் இதைவிட அதிகமாகத் தெரிந்துகொள்ள வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. கூட்டத்தில் பெற்றோர் எப்படிப் பேசுகிறார்கள், போர்டு உறுப்பினர்கள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

சின்னவனுக்கு மூன்று வயது என்பதால் உடனடிச் செலவு ஒன்று இருக்கிறது. மாநில நிதியில் நடக்கும் இலவச ப்ரீஸ்கூல் எல்லா டிஸ்ட்ரிக்ட்டிலும் கிடையாது. வருமானம் குறைந்த குடும்பங்கள் கூடுதலாக உள்ள டிஸ்ட்ரிக்ட்களுக்கு அதில் முன்னுரிமை. ஆக, ரேட்டிங் எண் குறைந்த டிஸ்ட்ரிக்ட்டில் உங்களுக்கு டேகேர் கட்டணம் மிச்சமாகும் வாய்ப்பு உண்டு. மூன்று இடத்திலும் கேளுங்கள்: மூன்று வயதுக்கு இடம் இருக்கிறதா, குலுக்கலா, முழு நாளா. கிண்டர்கார்டனுக்கு எந்தத் தேதிக்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ்: எட்டாம் வகுப்பு வரை 2 மைலுக்கு மேல், ஹைஸ்கூலுக்கு 2.5 மைலுக்கு மேல் இருந்தால் மாநிலச் சட்டப்படி பஸ் உண்டு. அதற்குள் இருந்தால் டிஸ்ட்ரிக்ட் விருப்பப்பட்டு விடுவதுதான், பட்ஜெட் இடித்தால் முதலில் வெட்டு விழும் இடங்களில் அதுவும் ஒன்று. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் 1.8 மைல் என்பது கொடுமையான தூரம்.

பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சியோ, கற்றல் உதவியோ தேவைப்படும் என்று சின்னச் சந்தேகம் இருந்தால்கூட இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட அதற்கு முதலிடம் கொடுங்கள். நீங்கள் எழுத்தில் கேட்ட 20 நாளுக்குள் பள்ளியின் சைல்ட் ஸ்டடி டீம் (சிறப்புக் கல்வித் தேவையை மதிப்பிடும் குழு) உங்களை அழைத்துப் பேச வேண்டும், நீங்கள் சம்மதம் கொடுத்த 90 நாளுக்குள் மதிப்பீடு முடிந்து, தகுதி இருந்தால் பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டமும் தயாராகியிருக்க வேண்டும். இந்தக் கெடு எல்லா டிஸ்ட்ரிக்ட்டுக்கும் ஒன்றுதான், ஆனால் நடத்தும் விதம் ஒன்றில்லை. சில இடங்களில் கேட்டதும் செய்கிறார்கள், சில இடங்களில் “இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே” என்று மாதங்கள் போகும். அந்தந்த ஊரின் சிறப்புக் கல்விப் பெற்றோர் குழுவில் நாலு பேரிடம் பேசினால் உண்மை நிலவரம் தெரியும். சராசரி மதிப்பெண் உயரமாக உள்ள இடங்களில் உதவியும் தானாகக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். மாநிலச் சராசரிக்கு மேல் இருக்கும் பிள்ளைக்கு எதற்கு உதவி என்ற மனப்பான்மையும் அங்கே எட்டிப்பார்க்கும்.

ஈஸ்ட் வின்ஸர் பற்றி உங்களுக்கு யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள், “அங்கே வேண்டாமே” என்று இழுப்பார்கள். அங்கே ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் நிறைய, ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகள் நிறைய, வருமான ஏற்றத்தாழ்வும் உண்டு. சராசரி மதிப்பெண் இறங்குவதற்கு இதுவே போதும். அதைப் பள்ளியின் குறை என்று படிப்பது தவறான வாசிப்பு. அறிக்கையில் மாணவர் பிரிவு வாரியாக எண்கள் இருக்கும். ஆசியப் பிள்ளைகள், வருமானம் குறையாத குடும்பத்துப் பிள்ளைகள் என்ற வரிகளை எடுத்து, அதே வரிகளை ப்ளெயின்ஸ்பரோ பள்ளிகளில் உள்ளவற்றோடு வைத்துப் பாருங்கள். ஒட்டுமொத்தச் சராசரியில் தெரிந்த இடைவெளி அங்கே எவ்வளவு சுருங்குகிறது என்று நீங்களே பார்க்கலாம். மிச்சம் இருக்கும் இடைவெளியைத்தான் பள்ளியோடு சம்பந்தப்படுத்திக் கேள்வி கேட்க வேண்டும். அங்கே என் கவலை வேறு இடத்தில்: வேகமான கணக்குப் பாதையில் எத்தனை பேர், மேல்நிலைப் பாடங்கள் ஒவ்வொரு வருடமும் ஓடுகின்றனவா, உங்கள் மகளுக்குச் சமமாகப் படிக்கும் நாலைந்து தோழிகளாவது ஒரே வகுப்பில் கிடைப்பார்களா. இதற்குத் திருப்தியான பதில் கிடைத்தால் தைரியமாக வாங்கலாம்.

டிஸ்ட்ரிக்ட்டுக்குள்ளேயே இருக்கும் வித்தியாசத்தையும் மறக்க வேண்டாம். எடிசனில் ஜே.பி. ஸ்டீவன்ஸ் ஹைஸ்கூல் எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கும் எடிசன் ஹைஸ்கூல் எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கும் விலையே வேறு, டிஸ்ட்ரிக்ட் ஒன்றுதான். எல்லைக் கோடுகளும் கல்லில் செதுக்கியவை இல்லை. புதிய குடியிருப்புகள் கட்டக் கட்ட, சவுத் பிரன்ஸ்விக் ஆகட்டும் வெஸ்ட் வின்ஸர் ஆகட்டும், எலிமென்டரி எல்லைகளை மறுபடி வரையலாம். இந்தத் தெருவிலிருந்து அந்தப் பள்ளிக்கு என்று மட்டும் நம்பி விலையை ஏற்றிக் கொடுப்பது ஆபத்து.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் சவுத் பிரன்ஸ்விக்கில், மிடில்செக்ஸ் கவுண்டி என்பதையும் மனதில் வைத்து, மிடில் ஸ்கூலுக்கு பஸ் வரும் தூரத்தில், வங்கி எவ்வளவு தருகிறேன் என்கிறதோ அதைவிட ஒரு லட்சம் குறைவான விலையில் வீடு தேடுவேன். உங்களில் ஒருவருக்கு நியூயார்க் வேலை என்றால் மட்டும் வெஸ்ட் வின்ஸர் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். மகள் ஏற்கெனவே ப்ளெயின்ஸ்பரோ பள்ளியில் நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறாள், தோழிகள் இருக்கிறார்கள், நீங்கள் இருவரும் அந்த ஊரை விட்டுப் போக மனசில்லாமல் இருக்கிறீர்கள் என்றால், அங்கேயே ஒரு டவுன்ஹவுஸ் பாருங்கள். பெரிய வீடு வேண்டும் என்ற எண்ணத்தைத் தள்ளிப்போடுவதும் ஒரு வழிதான்.

எங்கே சேர்த்தாலும் சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி என்ன என்று கேட்பார்கள். ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கான வகுப்பில் தள்ளிவிடுவார்களோ என்று பயந்து ‘ஆங்கிலம்’ என்று எழுதும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். தமிழ் என்றே எழுதுங்கள். வைத்தால் ஒரு சின்ன ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். அங்கேயே ப்ரீஸ்கூல் போன பிள்ளைகள் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடுவார்கள், தாண்டாவிட்டால் கிடைப்பது கூடுதல் உதவிதான். ஹைஸ்கூல் முடிக்கும்போது இருமொழித் திறனுக்கு மாநிலம் முத்திரை கொடுக்கிறது, 2016-ல் வந்த சட்டம். அந்த முத்திரைக்குத் தமிழில் தேர்வு எழுத ஏற்பாடு செய்வார்களா என்பதையும் டிஸ்ட்ரிக்ட்டிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.